நிழல் ஓடாத வீடு

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே குடியிருப்புக் கூடத்தின் வாசலில் வரிசை வளைந்து, குப்பைத் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, சைக்கிள் நிறுத்தும் இடம்வரை போய்விட்டது. இலவசக் கண் பரிசோதனை என்று ஒலிபெருக்கியில் கத்தியபோது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்த அதே மக்கள்தான். இன்று காசைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எதற்கு? தங்கள் போனுக்குக் கண் திறந்து வாங்க.

ஆமாம், போனுக்குத்தான். மனிதர்களின் கண்ணைத் திறக்கும் தொழிலில் இப்போதெல்லாம் வருமானம் கிடையாது போலிருக்கிறது.

திறந்து வைக்கிறவர் 'சூட்சும நிழலறிஞர்'. பட்டத்தை யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள். பலகை எழுதுகிறவர் கொடுத்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் செருப்பு. பல்லை மட்டும் வெளுக்க நேரம் கிடைக்கவில்லை. நீட்டிய போனை வாங்குவார். வெள்ளைக் கைக்குட்டையால் மூடுவார். கண்ணை மூடிக்கொண்டு கைக்குட்டைக்குள் கட்டைவிரலால் ஏதோ செய்வார். முதுகைச் சொறிந்துகொள்ளும் நேரம்கூட ஆகாது. திருப்பிக் கொடுத்து, "கேமராவைத் திறங்க. விளக்கு எரியற சுவரைப் பாருங்க" என்பார்.

பார்த்தவர்கள் அலறினார்கள். அலறாமல் என்ன செய்வார்கள்? வெறும் கண்ணால் பார்த்தால் வெள்ளையடித்த சுவர். போன் திரையில் பார்த்தால் அதே சுவரின்மேல் கறுப்புக் கறுப்பாகப் பட்டைகள். ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல், கீழிருந்து மேலாக ஊர்ந்து போகின்றன.

"இதுதான் சூட்சும நிழல். வீட்டுக்குள்ள குடியேறின கெட்டது. கண்ணுக்குத் தெரியாது. கேமராவுக்குப் பொய் சொல்லத் தெரியாது!"

கேமராவுக்குப் பொய் சொல்லத் தெரியாதுதான். அதற்காகத்தான் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிறார்.

பரிகாரமும் எளிது. பட்டினி கிடக்க வேண்டாம், பயணம் போக வேண்டாம். வெள்ளைத் துணிப்பையில் ஒரு 'நிவாரண விளக்கு' தருவார். பழைய பல்பைக் கழற்றிவிட்டு அதை மாட்டினால் போதும், நிழல் ஓடிப்போகும். ஓடியும் போனது! மந்திரவாதத்திலேயே பல்பு ஹோல்டரில் பொருந்தும் மந்திரவாதம் இதுதான் முதல் என்று நினைக்கிறேன்.

சரி, இது நடந்த இடம் எது என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். அது ஒரு விளக்கு ஆராய்ச்சி நிலையத்தின் ஊழியர் குடியிருப்பு. நிலையத்தின் வாசலில் 'குறைந்த மின்சாரம், நிறைந்த வெளிச்சம்' என்று ஆளுயர எழுத்து. உள்ளே எல்.இ.டி. விளக்கைப் பற்றித்தான் நாள் முழுக்க வேலை. ஒரு வாட் மின்சாரத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் கறக்க முடியுமா, நீல ஒளியின்மேல் எந்தப் பூச்சைப் பூசினால் கண்ணுக்கு இதமான வெள்ளை கிடைக்கும், சூடு எப்படி வெளியேறும் என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். மாலை ஐந்தரைக்கு வேலியைத் தாண்டினால் குடியிருப்பு. நாற்பது வீடு. அடையாள அட்டையோடு மூளையையும் வாயிற்காவலரிடம் கொடுத்துவிட்டு வருவார்கள் போலும். காலையில் அட்டையை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்வார்கள்.

போன்களுக்குக் கண் திறந்து முடித்ததும் நிழலறிஞர் வீடு வீடாகக் கிளம்பினார். பின்னால் கூட்டம். முதல் வீட்டில் நிழல் ஓடியது. அடுத்த வீட்டிலும் ஓடியது. கணக்கர் வீட்டில் சமையலறை வரை ஓடியது. இயக்குநர் வீட்டில் கேட்கவே வேண்டாம், குளியலறையில்கூட ஓடியது. இயக்குநரம்மாவுக்கு ஆறு மாதமாக ஒற்றைத் தலைவலி. "உங்க தலைமேலதாம்மா உட்கார்ந்திருக்கு" என்று அறிஞர் சொன்னதும், பக்கத்தில் நின்ற இயக்குநர், மனைவியின் தலையிலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

இப்படி முப்பத்தொன்பது வீடு முடிந்தது. நாற்பதாவது, கடைசி வரிசையில், மீட்டரக்கா வீடு.

நிலையத்தில் பல்புகளைச் சோதிக்கும் அறையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறவள் மீட்டரக்கா. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஒரே மகள், பள்ளி இறுதித் தேர்வு எழுத இருபது நாள் பாக்கி. அந்த வீட்டுக் கூடத்தில் நின்று அறிஞர் போனைத் தூக்கினார். சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மேசைக்கு அடியில் பார்த்தார். சுவர் சுவராகவே இருந்தது. ஒரு பட்டைகூட இல்லை.

கூட்டத்துக்கு ஏமாற்றம். "ஐயா, சார்ஜ் இல்லையோ?" என்றது பின்னால் ஒரு குரல்.

அறிஞர் கொஞ்சம் திணறினார். ஆனால் தொழில் தெரிந்தவர். மெதுவாகக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"முப்பத்தொன்பது வீட்ல ஓடுது. ஒரே ஒரு வீட்ல ஓடலை. ஏன்? யோசிங்க. மாடு வளர்க்கிறவன் தன் தோட்டத்துல மேய விடுவானா? அடுத்தவன் தோட்டத்துலதானே அவுத்து விடுவான்?"

கூட்டம் மொத்தமாக மூச்சை உள்ளே இழுத்தது. அடடா! யோசிக்கச் சொன்னதும் யோசித்துவிட்டார்களாம்.

"இது என்னங்க அநியாயம்?" என்றாள் மீட்டரக்கா. "ஊருக்கே சளி பிடிச்சு எனக்கு மட்டும் பிடிக்கலேன்னா, சளியை நான்தான் வளர்க்கிறேன்னு அர்த்தமா?"

கணக்கரின் மனைவி கண்ணைச் சுருக்கினாள். "அதானே! உனக்கு ஏன்டி சளியே பிடிக்கிறதில்ல?"

இதற்கு என்ன பதில் சொல்வது? நீங்கள் சொல்லிப் பாருங்கள்.

சாயங்காலம் மீட்டரக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வேன்காரர் சமையலறை வாசலில் வந்து நின்றார். போனார். திரும்ப வந்தார்.

"நான் நம்பலை. முதல்ல அதைச் சொல்லிடறேன்."

"சரி."

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். எனக்குத் தெரியாம ஏதாவது... வளர்க்கறியா?"

"வளர்க்கறேன். பத்தொன்பது வருஷமா. உங்களைத்தான்."

"இல்ல, எல்லார் வீட்லயும் தெரியுதே. நானே பார்த்தேனே, கறுப்பு கறுப்பா."

மீட்டரக்கா கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "இங்க பாருங்க. மட்டமான பல்பு நிக்காம எரியறதில்ல. விநாடிக்கு நூறு தடவை மங்கி மங்கிப் பிரகாசிக்கும். நம்ம கண்ணு அதைப் பிடிக்காது, ஒரே வெளிச்சம்னு நினைச்சுக்கும். போன் கேமரா படத்தை வரி வரியா எடுக்குது. பல்பு மங்கின நேரத்துல எடுத்த வரியெல்லாம் கறுப்பா விழும். அவ்வளவுதான். அதுக்குப் பேரு சிமிட்டல். சாதாரணமா போனே அதைச் சரிக்கட்டிடும். அந்த ஆளு கைக்குட்டைக்குள்ள கையை விட்டு, படம் எடுக்கிற வேகத்தைக் கூட்டி வைக்கிறான். கண்ணு திறந்துடுச்சாம்!"

"அப்போ எல்லார் வீட்லயும் மட்டமான பல்பா?"

"எல்லாம் நான் தோக்கடிச்ச பல்பு!"

இங்கே நான் கொஞ்சம் குறுக்கிட வேண்டும். சோதனைக்கு வரும் ஒவ்வொரு பல்பையும் இருட்டுப் பெட்டிக்குள் எரியவிட்டு, எவ்வளவு சிமிட்டுகிறது என்று மீட்டரில் பார்த்து எழுதுவதுதான் மீட்டரக்காவின் வேலை. தேறாத பல்பின் கழுத்தில் ஒரு சீட்டு ஒட்டுவாள்: 'சிமிட்டல் அதிகம். தோல்வி.' கீழே அவள் கையெழுத்து. தோற்ற பல்பை உடைத்துப் போட வேண்டும் என்று விதி. விதியைக் காக்க வேண்டிய ஸ்டோர்காரரோ இரக்க குணம் உள்ளவர். "எரியுதில்ல? எரியற பல்பு எப்படித் தோத்துச்சு?" என்பார். அட்டைப்பெட்டியில் போட்டு வாசலில் வைப்பார். சும்மா வருகிறதென்றால் விடுவார்களா? ஆறு மாதமாக ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். இயக்குநர் வீட்டில் மட்டும் இருபத்திரண்டு. வெளிச்சத்தின் தரத்தை உலகத்துக்குச் சொல்ல ஒரு நிலையம். அது வேண்டாமென்று ஒதுக்கியதை எல்லாம் வீட்டில் மாட்டிக்கொள்ள ஒரு குடியிருப்பு. இந்தத் தவறைச் செய்ய வேறு யாராலும் முடியாது. அவர்களுக்குத்தான் அந்த வசதி இருந்தது.

"நீங்ககூட அதை எடுத்துட்டு வரச்சொல்லி மூணு நாள் என்னோட பேசலை, ஞாபகம் இருக்கா?" என்றாள் மீட்டரக்கா. "நாள் பூரா அந்தச் சனியனைப் பார்த்துட்டு வீட்டுக்கும் கூட்டிட்டு வரணுமா? அதான் கடையில நல்லதா வாங்கி மாட்டினேன்."

வேன்காரர் கூரையைப் பார்த்தார். "அடச்சே. நல்ல பல்பு வாங்கினது ஒரு குத்தமா?"

குற்றம்தான். மறுநாளே கடிதம் வந்துவிட்டது. குடியிருப்போரின் நலனையும் மன அமைதியையும் கருதி, மேற்படி ஊழியர் வரும் ஞாயிறு மாலைக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கீழே முப்பத்தொன்பது வீட்டுக் கையெழுத்து. தேர்வுக்குப் படிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு ஆறு நாளில் எங்கே போவது? அந்தப் பெண்ணோடு சேர்ந்து படிக்க வரும் தோழிகள் இருவரும் அன்றிலிருந்து வரவில்லை. வழியில் பார்த்தால் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். "என்னம்மா, நான் ஒருத்தியா உட்கார்ந்து படிக்கட்டுமா?" என்று மகள் கேட்டாள். மீட்டரக்கா புதன்கிழமை கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே இயக்குநர் அறைக்குப் போனாள்.

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்து, விரல்களைக் கோத்து, விருது வாங்கும் படத்தில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

"உட்காரும்மா. நான் ஒரு விஞ்ஞானி. விஞ்ஞானிக்குத் திறந்த மனசு வேணும். நமக்குத் தெரியாத சக்திகள் எத்தனையோ இருக்கு."

"சார், உங்க வீட்டு பல்பைக் கழட்டி, அதுல நான் ஒட்டின சீட்டைப் படிங்க சார். அது போதும்."

"என் ஆராய்ச்சி ஒரு வாட்டுக்கு எத்தனை லூமென் வெளிச்சம்னு. சிமிட்டல் எல்லாம்... அது கீழ் மட்டத்து வேலை. அப்புறம் இன்னொண்ணு. அந்த நிவாரண விளக்கை மாட்டின மூணாம் நாளே என் மனைவிக்குத் தலைவலி குறைஞ்சிருச்சு. இதுக்கு என்ன சொல்றே?"

குறைந்தது நிஜம்தான். ஏன் குறையாது? சிமிட்டும் பல்பின் கீழே ஆறு மாதம் உட்கார்ந்தால் சிலருக்குத் தலை வலிக்கும். சிமிட்டாத பல்பை மாட்டினால் நிற்கும். இதைச் சொல்லும் ஆய்வறிக்கை ஒன்று அவர் மேசைமேலேயே இருந்தது. தேநீர்க் கோப்பைக்கு அடியில்.

மீட்டரக்கா அடுத்து ஒரு இளம் ஆராய்ச்சியாளரிடம் போனாள். பல்புக்குள் இருக்கும் மின்சுற்றைப் பற்றியே முனைவர் பட்டம் வாங்கியவர். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, எனக்குத் தெரியும். அது வெறும் சிமிட்டல்தான்."

"தெரிஞ்சுமா தம்பி கையெழுத்துப் போட்டே?"

"வீட்ல மாமியார் வந்திருக்காங்கக்கா."

முனைவர் பட்டம் எந்த இடத்தில் வேலை செய்யாது என்பதும் ஒரு கண்டுபிடிப்புதான். குறித்துக்கொள்ளுங்கள்.

சீட்டைப் படிக்கச் சொன்ன செய்தி குடியிருப்பில் பரவியது. ஆளாளுக்கு பல்பைக் கழற்றிக் கழுத்தைப் பார்த்தார்கள். 'தோல்வி' என்று அச்சடித்திருந்தது யார் கண்ணிலும் படவில்லை. கையெழுத்து மட்டும் பட்டது. ஓடிப்போய் அறிஞரிடம் சொன்னார்கள். அவர் தொடையில் தட்டிக்கொண்டார்.

"பார்த்தீங்களா! வீட்டுக்கு வீடு அவ கையெழுத்து! அதுதான் கட்டு. எழுதி எழுதித்தான் ஏவி விட்டிருக்கா!"

சான்றைக் கொண்டு போய்க் கொடுத்தால் அதையே கயிறாகத் திரித்துக் கட்டுகிற ஆளிடம் என்ன பேசுவது? மீட்டரக்கா ஒரு இரவு யோசித்தாள். காலையில் எழுந்து, "பேச வேண்டாம். செஞ்சு காட்டலாம்" என்று வேன்காரரிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி. நிழலைக் குடியிருப்பை விட்டே துரத்தும் 'இறுதிக் கட்டு' நிகழ்ச்சி. கூடத்தின் ஜன்னல்களை எல்லாம் சாத்தி, அட்டை வைத்து மறைத்துவிட்டார்கள். நடுவில் ஒரே ஒரு ஹோல்டர் தொங்கியது. அதன் கீழே நாற்காலியில் அறிஞர். பக்கத்தில் வெள்ளைத் துணிப்பைகள் குவியலாக. முன்வரிசையில் இயக்குநரும் இயக்குநரம்மாவும்.

மீட்டரக்கா எழுந்து நின்றாள். "சாயங்காலம் வீட்டைக் காலி பண்ணிடறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை. ஐயாவுக்குச் சம்மதம்னா."

"பயந்துட்டா!" என்றார் கணக்கர்.

"சம்மதம்" என்றார் அறிஞர். முந்நூறு கண்கள் பார்க்கும்போது வேறென்ன சொல்வார்?

"நிழல் என் கையெழுத்துலதானே இருக்கு?"

"ஆமா."

"கையெழுத்து இருந்தா ஓடும். இல்லேன்னா ஓடாது. அப்படித்தானே?"

"அப்படித்தான்!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க. அடுத்தது, ஐயா மேல அது ஓடுமா?"

அறிஞர் சிரித்தார். "என் பக்கத்துல வரவே பயப்படும்."

"ரொம்ப நல்லது. நீங்க அங்கேயே உட்காருங்க. பல்பை நான் தொட மாட்டேன். அம்மா மாட்டட்டும்" என்று இயக்குநரம்மாவைக் காட்டினாள். குடியிருப்பிலேயே அறிஞரை அதிகம் நம்புகிறவர் அவர்தான். யாருக்கும் சந்தேகம் வராது. பிறகு வாயிற்காவலரைக் கூப்பிட்டாள். அவர் கையில் ஒரு காகிதப் பை. காலையில் முச்சந்திக் கடைக்குத் தனியாகப் போய், இருப்பதிலேயே மலிவான பல்பு ஒன்றை வாங்கி வந்திருந்தார். உறையே பிரிக்கவில்லை.

"இதை நான் தொட்டதும் இல்ல, பார்த்ததும் இல்ல. கையெழுத்து இருக்கான்னு பாருங்கம்மா."

இயக்குநரம்மா உறையைக் கிழித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்ல."

"அப்போ ஓடக் கூடாது. மாட்டுங்க."

பல்பு எரிந்தது. கண் திறந்த போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உயர்ந்தன. நூற்றைம்பது திரைகளிலும் கறுப்புப் பட்டைகள் சாவகாசமாக ஊர்ந்தன. சுவரில் ஊர்ந்தன, வெள்ளைச் சட்டையில் ஊர்ந்தன, அறிஞரின் தாடிக்குள் நுழைந்து, மூக்கு வழியாக ஏறி, நெற்றியைத் தாண்டிப் போயின. அடுத்த பட்டை கீழே தயாராக நின்றது.

"ஐயா மேலேயே ஓடுதே!" என்றாள் கணக்கரின் மனைவி.

"அது... இது... அவ பார்வை பட்டுது" என்றார் அறிஞர்.

"அப்படியா? சரி, பார்வை போதாது, கையெழுத்தே போட்டுடறேன்." மீட்டரக்கா குவியலிலிருந்து ஒரு வெள்ளைப் பையை எடுத்தாள். உள்ளே நிவாரண விளக்கு. இடுப்பிலிருந்து மார்க்கர் பேனாவை உருவி, அந்த வெள்ளை பல்பின் கழுத்தைச் சுற்றி, எல்லாரும் பார்க்க, நிதானமாகத் தன் கையெழுத்தை மூன்று தடவை போட்டாள். மூன்றாவதற்குக் கீழே ஒரு கோடும் இழுத்தாள். "மூணு கட்டு. இப்போ மூணு மடங்கு ஓடணும். மாட்டுங்கம்மா."

மாட்டினார்.

சுவர் சுவராக இருந்தது. அறிஞர் அறிஞராக இருந்தார். ஒரு பட்டை கிடையாது.

இயக்குநரம்மா திரையைப் பார்த்தார். பல்பைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே அதைக் கழற்றிவிட்டு மலிவு பல்பை மாட்டினார். நிழல் ஓடியது. அதைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டதை மாட்டினார். நின்றது. மீட்டரக்காவை வெளியே சாலைக்குப் போகச் சொல்லி மறுபடி மாற்றினார். மாற்றி மாற்றி ஆறு தடவை. அக்கா உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் நிழலுக்குக் கவலையே இல்லை; அது பல்போடு வந்தது, பல்போடு போனது.

"ஏங்க," என்று கணவரைக் கூப்பிட்டார். "ஆறு மாசமா என் தலையில உட்கார்ந்திருந்தது நீங்க சும்மா கொண்டு வந்த பல்பாங்க?"

இயக்குநர் கூரையில் ஏதோ முக்கியமானதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த மீட்டரக்கா எல்லாரையும் போனைப் பார்க்கச் சொன்னாள். "இங்க தொடுங்க. படம் எடுக்கிற வேகம்னு இருக்கா? அதைக் கூட்டினா நிழல் தெரியும், குறைச்சா மறையும். கண்ணைத் திறக்கவும் மூடவும் ஒரு விரல் போதும். கைக்குட்டை வேண்டாம்."

நூற்றைம்பது பேர் கூட்டினார்கள், குறைத்தார்கள். முதலில் ஒருத்தர் சிரித்தார். பிறகு எல்லாரும். சிரிப்பிலேயே கொஞ்சம் கோபமும் ஏறியது. கொடுத்த காசு நினைவுக்கு வந்திருக்கும்.

அறிஞர் பைகளைச் சேர்த்துக்கொண்டு எழுந்தார். "நம்பிக்கை இல்லாத இடத்துல ஒளி தங்காது."

"ஐயா, ஒரு நிமிஷம்," என்றார் வாயிற்காவலர், ரொம்ப மரியாதையாக. "காலையில பல்பு வாங்கினேன் இல்லையா, அந்தக் கடைக்காரர் உங்களைக் கேக்கச் சொன்னார். வெள்ளைச் சட்டைக்காரருக்கு நல்ல பல்பு அடுத்த பெட்டி எப்போ வேணுமாம்? பல்பு மேல இருக்கிற கம்பெனிப் பேரை அழிக்கிற தின்னர் போன தடவையே தீர்ந்துபோச்சாமே, அதுவும் சேர்த்துத் தரட்டுமான்னு கேட்டார்."

அதற்குப் பிறகு அறிஞர் நடக்கவில்லை. நிழல்கூட அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. வெள்ளைச் செருப்பில் ஒன்று கூடத்திலேயே தங்கிவிட்டது.

கூட்டம் அடங்கியதும் இயக்குநர் மேடை ஏறினார். இப்படிப்பட்ட நேரத்தில் மேடை ஏறத் தெரியாதவர்கள் இயக்குநர் ஆவதில்லை. "இது நம் நிலையத்தின் அறிவியல் மனப்பான்மைக்குக் கிடைத்த வெற்றி. நான் ஆரம்பத்திலிருந்தே திறந்த மனதோடு..."

"சார்," என்றாள் மீட்டரக்கா. "மனசைத் திறந்து வைக்க வேண்டியதுதான். ஆனா கதவைத் திறந்து போட்டுட்டு வீட்ல ஆளில்லாம ஊருக்குப் போயிட்ட மாதிரி இல்ல திறந்து வெச்சிருக்கீங்க!"

கைதட்டல் எழுந்தது. மீட்டரக்கா கையை உயர்த்தி அதை நிறுத்தினாள்.

"தட்டாதீங்க. போன வாரம் அவருக்கும் இதே கையாலதான் தட்டினீங்க." கடிதத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள், பக்கத்தில் பேனாவை வைத்தாள். "யார் யார் இதுல கையெழுத்துப் போட்டீங்களோ, வந்து உங்க கையாலேயே அடிச்சிட்டுப் போங்க. மன்னிப்பு எல்லாம் வேண்டாம். எம் பொண்ணுக்குப் பரீட்சைக்குப் பதிமூணு நாள்தான் இருக்கு. பொட்டி கட்ட எனக்கு நேரமில்லை."

மறுபடி ஒரு வரிசை. போன வாரம் போல் நீளமாக இல்லை, சுறுசுறுப்பாகவும் இல்லை. முதலில் இயக்குநரம்மா வந்து கணவரின் கையெழுத்தை அடித்தார். காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தார். முனைவர் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். "மாமியார் ஊருக்குப் போயாச்சா தம்பி?" என்று மட்டும் கேட்டாள் மீட்டரக்கா. கணக்கரின் மனைவி தன் முறை வந்ததும் பேனாவைப் பிடித்தபடி நின்றாள்.

"அடிக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்லு. நிஜமாவே உனக்குச் சளி பிடிக்கிறதில்லையே, அது எப்படி?"

"கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன்."

"அவ்வளவுதானா?" அவள் முகத்தில் அப்படி ஓர் ஏமாற்றம்! ஏதாவது தாயத்து என்று சொல்லியிருந்தால் அங்கேயே காசை எடுத்து நீட்டியிருப்பாள்.

மத்தியானம் தோழிகள் இருவரும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசை வீட்டின் கதவைத் தட்டினார்கள். அந்தப் பெண் கொஞ்சம் முறைத்துவிட்டுத்தான் திறந்தாள். முறைக்கட்டும். நியாயம்தான்.

வாசகரே, உங்கள் ஊரிலும் ஒரு நிழலறிஞர் இருப்பார். அவர் கையில் போன் இல்லாவிட்டால் வேறு ஏதாவது இருக்கும். மின்சாரத்தைச் சிக்கனம் பிடியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மூளையைச் சிக்கனம் பிடிக்காதீர்கள். அது எரிய எரியத்தான் புதுசு. எரிக்காமல் விட்டால் அடுத்தவன் வந்து அதில் கையெழுத்துப் போட்டுவிடுவான்.